கோடை முகாமும் அதற்குப் பின் வரும் ஆறு வாரங்களும்

பள்ளி திறந்து ஒரு மாதம் ஆன பிறகு, ஜூலை முதல் ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். மே மாதம் சபை தன் பிள்ளைகளுக்காக நடத்திய முகாம் எப்படிப்பட்டது என்பது அன்றைக்குத்தான் தெரியும். கேம்ப் ஃபயர் இரவில் எத்தனை பேர் இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்துக் கையுயர்த்தினார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது.

தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை சபைகள், சேகரங்கள், திருமண்டலங்கள், மாணவர் ஐக்கியங்கள் என்று எல்லோரும் முகாம் நடத்துகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி. 13 வயதுக்கு மேல் தங்கும் முகாம். கொடைக்கானல், ஏற்காடு, கோத்தகிரி என்று மலைக்குப் போகிறவர்கள் உண்டு. விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளி விடுதியிலேயே நடத்துகிறவர்களும் நிறைய. இதற்காகச் செலவாகும் பணத்திலும் உழைப்பிலும் பெரும்பகுதி பிரசங்கியாருக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் கடைசி இரவுக்கும் போய்விடுகிறது. பிள்ளைகளை விசுவாசத்தில் நிலைநிறுத்துவது வேறு இரண்டு: ஏழெட்டுப் பேருக்கு ஒருவராகக் கூடவே இருக்கும் குழுத்தலைவர், முகாம் முடிந்து வரும் ஆறு வாரம். சாப்பாடு, தண்ணீர், தேதி இவற்றைப் பற்றியும் சொல்கிறேன். அவை கெட்டால் குழுத்தலைவர் பிள்ளைகளோடு உட்காராமல் பக்கெட் தூக்கிக்கொண்டிருப்பார்.

முதலில் தேதி. பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன. 2024-ல் மே 6-ம் 10-ம். 2025-ல் மே 8-ம் 16-ம். முடிவு வரும் நாள் முகாமுக்குள் விழுந்தால் அன்றைய நிகழ்ச்சி எதுவும் நடக்காது. ஒரு பிள்ளை 480 வாங்கித் துள்ளும் இடத்தில் இன்னொரு பிள்ளை இரண்டு பாடத்தில் தவறியிருப்பாள்; அந்தச் செய்தியை அம்மா மடியில் கேட்க வேண்டியவள் அறுபது பேர் நடுவில் கேட்பாள். அரசு முடிவுத் தேதியை அறிவித்தவுடன் முகாம் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலக முடியாவிட்டால், அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் குழுத்தலைவருக்குச் சொல்ல வேண்டும், அவர் தனியாகக் கூப்பிட்டுப் பெற்றோரிடம் போனில் பேச வைக்க வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள். நீட் தேர்வு பெரும்பாலும் மே முதல் ஞாயிறு. தெற்கே அசனப் பண்டிகைகளும் (சபையார் கூடிச் சாப்பிடும் கோயில் விருந்து) கல்யாணங்களும் இதே மாதம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் ஊர் அசனத்தன்று முகாம் வைத்தால் பிள்ளைகளும் வரமாட்டார்கள், சமையலுக்கும் ஆள் கிடைக்காது. என் கணிப்பில் திங்கள் பிற்பகல் தொடங்கி வியாழன் மதியச் சாப்பாட்டோடு முடிவது நல்லது. ஐயர்மார் (சபைப் போதகர்கள்) வர முடியும், வார இறுதிக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம், வெள்ளியும் சனியும் பிள்ளைகள் தூங்கி எழுந்து ஞாயிறு கோயிலுக்கு வருவார்கள்.

மலைக்குப் போவதானால் இ-பாஸ் பற்றி இப்போதே பேசுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது; 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் சேர்ந்தது. பஸ் வாடகை பேசும்போதே பாஸ் யார் எடுப்பது என்று முடித்துவிட வேண்டும். இரண்டு இடத்திலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. பிள்ளைகள் ஸ்டீல் பாட்டில் கொண்டு வரட்டும்.

அறுபது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் குழு, எட்டுத் தலைவர்கள், மாற்றாக ஒரு தம்பி, ஒரு தங்கை. வயது இருபதிலிருந்து இருபத்தெட்டு. எட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு கலக்க வேண்டாம். சின்னவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். ஒரே பள்ளியில் படிக்கும் ஐந்து நண்பர்களை ஒரே குழுவில் போட்டால் அது அவர்கள் அரட்டையாக முடியும். ஆனால் தனியாக வந்த பிள்ளைக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது அந்தக் குழுவில் இருக்க வேண்டும். குழுப் பட்டியலை வந்து இறங்கிய பிறகு அவசரமாகப் போடாதீர்கள். ஒரு வாரம் முன்பே போட்டு, அந்தந்தச் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் காட்டினால், "இந்த ரெண்டு பேரையும் சேத்து வைக்காதீங்க ஐயா" என்று அவர் சொல்லிவிடுவார்.

குழுத்தலைவர்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் பயிற்சி வேண்டும், முகாம் இடத்தில் முந்தின நாள் முழுக்கவும் வேண்டும். வேதபாடத்துக்கு நான்கு அதிகாரம் உள்ள புத்தகம் வசதி: யோனா, ரூத், பிலிப்பியர். நாளுக்கு ஒன்று.

இங்கே ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. ஆங்கில மீடியம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வேதாகமம் சரளமாக வாசிக்க வராது. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வசனம் என்று தொடங்கினால், தன் முறை வரும் வசனத்தை எண்ணிக்கொண்டு அந்தப் பிள்ளை வியர்த்து உட்கார்ந்திருக்கும். ஒரு முறை தடுமாறி, யாராவது சிரித்துவிட்டால், மீதி நாளெல்லாம் அது வாய் திறக்காது. அதிகாரத்தைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு, ஏ4 தாளில் அச்சடித்து ஆளுக்கு ஒன்றும் ஒரு பேனாவும் கொடுங்கள். தலைவரே இரண்டு தடவை நிதானமாக வாசிக்கட்டும். ஆச்சரியமாக இருந்த இடத்தில் ஒரு கோடு, புரியாத இடத்தில் கேள்விக்குறி. இதற்குப் பத்து நிமிஷம்.

நான்காம் நாள் யோனா 4. எதிரி நகரமான நினிவே கடவுளின் தண்டனைக்குத் தப்பித்ததற்காகத் தீர்க்கதரிசி யோனா கோபப்படுகிறான். ஆமணக்குச்செடி முளைக்கிறது, நிழலில் சந்தோஷப்படுகிறான், மறுநாள் பூச்சி அரித்துக் காய்ந்ததும் சாகலாம் என்கிறான். அந்தப் பெரிய நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கடவுள் கேட்கும் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. தலைவர் கேட்க வேண்டியது: "யோனா என்ன சொல்லிருப்பான்?" கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். புதிய தலைவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான். மூன்று விநாடி அமைதியைத் தாங்க முடியாமல் தாங்களே பதில் சொல்லத் தொடங்கி, அது பதினைந்து நிமிஷப் பிரசங்கமாகிவிடும். ஏற்கெனவே காலையும் இரவும் பிரசங்கம் கேட்ட பிள்ளைகள். அடுத்த கேள்வி: "நம்ம ஊர்ல நினிவே யாரு?" அடுத்த தெருப் பெயர் வரும். சில நேரம் சாதிப் பெயரே வரும். வரட்டும். கோயிலுக்குள் ஒரே பாமாலை பாடிவிட்டு, கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் பிரிந்து நிற்கும் சபைகளின் பிள்ளைகள் இவர்கள். அந்தப் பேச்சை மூடாமல், அதிகாரத்தின் கடைசி வசனத்துக்குத் திரும்பவும் கூட்டிக்கொண்டு போகத் தெரிந்தவரே நல்ல குழுத்தலைவர். படுக்கை ஒதுக்கும்போதும் தெருக்களையும் ஊர்களையும் கலந்தே போடுங்கள். காரணத்தை மைக்கில் விளக்க வேண்டியதில்லை.

கைபேசிகளைப் பெயர் எழுதிய கவரில் வாங்கி வைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிஷம் வீட்டுக்குப் பேசக் கொடுங்கள். இதைப் பெற்றோருக்கு முன்பே எழுதித் தெரிவித்து, அவசரத்துக்கு இரண்டு எண்களும் தர வேண்டும். சொல்லாமல் வாங்கினால் முதல் நாள் இரவே ஒரு அப்பா பைக் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

தலைவர்கள், சமையல்காரர்கள், நர்ஸ் எல்லாம் சேர்த்து 75 பேர். மதியச் சாப்பாட்டுக்கு அரிசி 10 கிலோ. விளையாடிவிட்டு வரும் பையன்கள் வீட்டில் சாப்பிடுவதைவிட ஒன்றரைப் பங்கு சாப்பிடுவார்கள். சாம்பாருக்குத் துவரம்பருப்பு இரண்டரை கிலோ. கோழிக்குழம்பு என்றால் எலும்போடு 12 கிலோ. காலை இட்லிக்கு ஆளுக்கு நாலைந்து வைத்து 350. இட்லி அரிசி 7 முதல் 8 கிலோ ஊற வேண்டும். மலையில் இட்லியை நம்பாதீர்கள். இரவுக் குளிரில் மாவு புளிக்காது, காலையில் கல் மாதிரி வரும். அங்கே பொங்கல், உப்புமா, பூரி. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும், கேஸும் கூடுதலாகப் போகும். சமையல்காரர் சமவெளிக்காரராக இருந்தால் முதல் நாள் மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளும், அதோடு மாலை நிகழ்ச்சி முழுவதும் தள்ளும்.

சமவெளியில் கத்திரி வெயிலில் நடத்தினால் குடிக்க மட்டும் தலைக்கு 4 லிட்டர். நாளுக்கு 20 லிட்டர் கேன் பதினைந்து. குளிக்க, துவைக்க, கழிப்பறைக்குத் தலைக்கு 80 லிட்டர் போட்டால் 6,000 லிட்டர், அதாவது ஒரு சின்ன லாரி. பள்ளி விடுதியில் "போர் இருக்கு" என்பார்கள். மே மாதம் அந்த ஆழ்துளைக் கிணற்றில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று ஏப்ரல் கடைசியில் நேரில் போய் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். காலை பதினொன்றிலிருந்து மாலை நாலரை வரை வெயிலில் விளையாட்டு வேண்டாம். ஓஆர்எஸ் பாக்கெட் நூறு இருக்கட்டும். பெண்பிள்ளைகள் பக்கம் நாப்கினும், மூடி போட்ட தனிக் குப்பைத்தொட்டியும் கேட்காமலேயே இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் திட்டமிடும் கமிட்டி இதைக் கட்டாயம் மறக்கும்.

ஆறு, அணை, அருவி, கிணறு எதற்கும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு கோடையிலும் தமிழ்நாட்டில் சுற்றுலா போன பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கி இறந்துபோகிறார்கள். முகாமில் ஆபத்தான நேரம் மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஓய்வு வேளை. தலைவர்கள் அசந்து படுத்திருப்பார்கள், நாலு பையன்கள் பின்வாசல் வழியாகக் கிளம்புவார்கள். அந்த வேளைக்கு இரண்டு பேர் காவல் முறை போட்டு, மூன்று மணிக்குத் தலை எண்ண வேண்டும்.

இனி கடைசி இரவு. மூன்று நாள் தூக்கம் குறைந்த பிள்ளைகள், இருட்டு, நெருப்பு, மெதுவாக வாசிக்கும் கீபோர்டு, குரல் தழுதழுக்கும் பிரசங்கியார். இதில் பதினைந்து வயதுப் பிள்ளை அழாவிட்டால்தான் அதிசயம். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. தேவன் அந்த இரவிலும் பேசுகிறார். ஆனால் களைப்பும் கூட்டமும் எங்கே முடிகிறது, மனந்திரும்புதல் எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. விளைவு, அதே பிள்ளை 2022, 2023, 2024 என்று வருஷா வருஷம் ஒப்புக்கொடுக்கும். நாலாம் வருஷம், "எனக்கு மட்டும் ஏன் நிக்கவே மாட்டேங்குது" என்று மனம் விட்டுவிடும். இதைத் தவிர்க்க மூன்று காரியம் செய்யலாம். இரவு பத்தரைக்கு விளக்கணைப்பதை முதல் நாளிலிருந்து கண்டிப்பாக வையுங்கள். அழைப்பு கொடுக்கும் செய்தியை மூன்றாம் நாள் காலைக்கு மாற்றி, இரவு நெருப்பைப் பாட்டுக்கும் நன்றிக்கும் விடுங்கள். கையுயர்த்தச் சொல்லாமல் தீர்மான அட்டை கொடுங்கள். அதில் "இயேசுவைப் பின்பற்றத் தீர்மானிக்கிறேன்", "முன்பே எடுத்த தீர்மானத்தில் திரும்ப நிற்க விரும்புகிறேன்" என்பவற்றோடு "இன்னும் யோசிக்க வேண்டும்", "ஒருவரிடம் பேச வேண்டும்" என்ற வரிகளும் இருக்கட்டும். கடைசி இரண்டில் டிக் போடும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் மெய்யாகக் கேட்டவர்கள். அட்டையைக் குழுத்தலைவர் மட்டும் வாங்கி, மறுநாள் காலை, எல்லோரும் பார்க்கும் திண்ணையிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் பத்து நிமிஷம் பேச வேண்டும்.

பிற சமயக் குடும்பத்துப் பிள்ளைகள் நண்பர்களோடு வருவதுண்டு. இது கிறிஸ்தவ முகாம், வேதபாடமும் ஜெபமும் இருக்கும் என்று தெளிவாக எழுதிய தாளில் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் சேர்க்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ள யாருக்கும் முகாமில் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. சபையும் குடும்பமும் இருக்கும் இடம்தான் அதற்கு இடம்.

குழுத்தலைவர் எல்லோரும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஐவர்ன் முகாம்கள் பல பத்தாண்டுகள் பேர்பெற்ற கிறிஸ்தவ மாணவர் முகாம்களாக நடந்தன. அவற்றின் தலைவர்களில் ஒருவரான ஜான் ஸ்மைத் என்ற வழக்கறிஞர் பையன்களைத் தனியே அழைத்துப்போய்க் கொடூரமாக அடித்தார். 1982-லேயே உள்ளுக்குள் அறிக்கை எழுதப்பட்டது, போலீசுக்குப் போகவில்லை. அவர் ஜிம்பாப்வே போய் அங்கேயும் முகாம் நடத்தினார். 1992-ல் அங்கே ஒரு சிறுவன் இறந்துபோனான். 2024 நவம்பரில் இதை விசாரித்த மேக்கின் அறிக்கை வெளிவந்து, சில நாட்களில் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். "ஊழியத்துக்குக் கெட்ட பேர் வரும்" என்ற பேச்சு நம் கமிட்டிகளிலும் கேட்கிறது. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19, 21 பிரிவுகளின்படி, அப்படியொரு குற்றம் தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது, அது பிரசங்கியாராக இருந்தாலும். பையன்கள் கட்டிடமும் பெண்கள் கட்டிடமும் தனி. இரவில் ஒவ்வொரு மாடியிலும் இரண்டு பெரியவர்கள். ஒரு பிள்ளை "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க" என்று தொடங்கினால், அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது என்பதைப் பயிற்சியில் நடித்தே பழக்குங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 சாப்பாட்டு அறையில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

முகாம் முடிந்த பிறகு என்ன என்பதற்கு 1886 ஜூலையில் அமெரிக்காவின் மௌண்ட் ஹெர்மனில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். நற்செய்திப் பிரசங்கியார் டி. எல். மூடி தலைமையில் சுமார் 250 கல்லூரி மாணவர்கள் ஏறக்குறைய ஒரு மாதம் கூடியிருந்தார்கள். கலையும்போது 100 பேர் மிஷனரிப் பணிக்கு முன்வந்திருந்தார்கள். இந்த "நூறு பேர்" கதையைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்கு அடுத்தது அதிகம் சொல்லப்படுவதில்லை. கோலாப்பூரில் பிறந்த ராபர்ட் வைல்டரும் ஜான் ஃபோர்மனும் அடுத்த கல்வியாண்டு முழுக்க 160-க்கு மேற்பட்ட கல்லூரிகளுக்கும் இறையியல் பள்ளிகளுக்கும் நேரில் போனார்கள். நூறு இரண்டாயிரத்தைத் தாண்டியது அந்தப் பயணத்தில். 1888-ல் மாணவர் தன்னார்வ இயக்கம் அமைப்பாக உருவானது. அந்த இயக்கத்திலிருந்து புறப்பட்ட ஷெர்வுட் எடி 1896-ல் இந்தியா வந்து தமிழ் கற்றுத் தென்னிந்திய மாணவர்கள் நடுவில் உழைத்தார். அவருடைய நண்பரும் வெள்ளாளன்விளையில் பிறந்தவருமான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்ற முன்நின்றார். அந்தக் கல்லூரிகளுக்கு யாரும் போகாதிருந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்திருக்கும்.

நமக்கு ஆறு வாரம் போதும். முகாம் பட்ஜெட் போடும்போதே அதில் பத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கிப் பொருளாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். மிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மிச்சமே இராது. வீடு திரும்பிய மூன்றாம் நாளுக்குள் குழுத்தலைவர் பெற்றோர் எண்ணில் கூப்பிட்டுப் பிள்ளையோடு பேச வேண்டும். இரண்டாம் வாரம் இன்னொருவரோடு வீட்டுக்குப் போக வேண்டும். முகாமில் அழுத பிள்ளை வீட்டில் எந்த அறையில் படிக்கிறான், அப்பா வேலைக்குப் போகிறாரா, குடிக்கிறாரா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். மூன்றாம் வாரம் குழு மறுபடி கூடி ஒன்றரை மணி நேரம், பிரியாணி அல்லது பரோட்டாவோடு. அடுத்த மூன்று வாரம் ஞாயிறு ஆராதனை முடிந்து நாற்பது நிமிஷம், பிலிப்பியரில் தொடங்கி. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு தனி வாட்ஸ்அப் அரட்டை கூடாது. பெற்றோரும் இன்னொரு பெரியவரும் உள்ள குழுவில் மட்டும்.

பல ஊர் சேர்ந்த முகாமானால் குழுத்தலைவர் தூரத்தில் இருப்பார். அப்போது அந்தந்தச் சபையிலிருந்து ஒருவரைக் கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார வையுங்கள். வெறும் பெயர்ப்பட்டியலை ஐயருக்கு அனுப்பினால் அது மேசை இழுப்பறையில் தங்கிவிடும்.

முகாம் முடிந்த முதல் ஞாயிறு பிள்ளைகளைப் பீடத்துக்கு முன் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. "இனி சினிமா பாக்கமாட்டேன், கோபப்படமாட்டேன்" என்று சபை முன் சொல்லிவிட்ட பிள்ளை, மூன்றாம் வாரம் தவறும்போது யாரிடமும் சொல்ல முடியாமல் மறைக்கக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பதிலாக வேலை கொடுங்கள்: விபிஎஸ் உதவி, பாடகர் குழு, புரொஜெக்டர், முதியோர் வீட்டுக்குப் போகும் குழு.

கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்கு ஐயர் வழியாகக் கவரில் பணம் போய்ச் சேர வேண்டும். அந்த வீடும் மற்றவர்களைப் போலவே கவுண்டரில் கட்டி ரசீது வாங்கட்டும். உதவி பெற்றவர் பட்டியல் பொருளாளரைத் தாண்டிப் போகக் கூடாது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஆறு வாரம் முடிவதற்குள்ளேயே வேறு ஊர் வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் சென்னை, கோவை, திருச்சி என்று விடுதிகளுக்குப் போவார்கள். சேர்க்கை உறுதியானவுடன் கல்லூரிப் பெயரை வாங்கி, அந்த ஊர்ச் சபையில் ஒருவருக்கோ, யுஇஎஸ்ஐ போன்ற மாணவர் ஐக்கியத்தில் ஒருவருக்கோ, பிள்ளையின் சம்மதத்தோடு எண்ணைக் கொடுங்கள். புது ஊரில் முதல் ஞாயிறு எந்தக் கோயில், எத்தனை மணி, எந்த பஸ் என்று தெரியாமல் தூங்கிவிட்டால் இரண்டாம் ஞாயிறும் அப்படியே போகும். பையனுக்கு ஒரு அண்ணனோ பெண்ணுக்கு ஒரு அக்காவோ முதல் ஞாயிறு விடுதிக்கே வந்து கூட்டிக்கொண்டு போகும்படி, சனிக்கிழமை இரவுக்குள் போனில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.